ஓடைக்காவல்

மேல் பங்களா,
ஐந்தருவி சாலை, குற்றாலம்
25 மே 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்தேன். முழங்காலைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. உன் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? நாக்பூர் வெயிலில் அவரை நடக்க விடாதே.

உன் மகன் பெலிக்ஸ் சீசனுக்காகத் தன் முகாமை மறுபடி திறந்துவிட்டான். பாறையில் கயிறு கட்டி இறங்குவது, மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போவது ஆகியவற்றோடு இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, நம் தோட்டத்து ஓடைக்குள் இறங்கி, தண்ணீரை எதிர்த்து மேலே நடப்பது. அதற்குத் 'திகில் நடை' என்று பலகை எழுதி, பக்கத்தில் ஒரு மண்டையோடும் வரைந்திருந்தான். இதென்ன பூச்சிமருந்துக் கிடங்கா என்று கேட்டு அழிக்கச் சொன்னேன். இப்போது 'ஓடை நடை' என்று மரியாதையாக இருக்கிறது.

உனக்கு அந்த இடம் தெரியும். கீழே ஆள் மூழ்கும் கசம், அதற்கு மேலே இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை நிற்கும் இடுக்கு. இடுக்குக்குள் போய்விட்டால் பக்கவாட்டில் ஏற வழியில்லை, வந்த வழியே திரும்ப வேண்டும். இங்கே வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டும். ஓடைத் தண்ணீர் முதலில் நிறம் மாறும், பிறகு சருகும் குச்சியும் வரும், பிறகு வெள்ளமே வந்துவிடும். என் வராந்தாவைத் தாண்டி அது இடுக்கைச் சேர, ஒரு நீண்ட ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம்தான் ஆகும்.

போன வருடம் கசத்தில் குளிக்க மட்டும் ஆட்களை விட்டபோதே, பிச்சைமணியை என் வராந்தாவில் காவலுக்கு உட்கார்த்தியிருந்தான். பிச்சைமணி இப்போது செங்கோட்டைப் பக்கம் ஜீப் ஓட்டப் போய்விட்டான். நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்று பெலிக்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வராந்தா என்னுடையது, ஓடை என் கண்ணுக்கு நேரே ஓடுகிறது, நானே பார்க்கிறேன் என்றேன்.

"நெசமாவா பெரியம்மா?"

"நான் எப்போது விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்?"

என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறான். அழுத்தினால் அதில் சிவப்பு விளக்கு எரியும், கீழே முகாமில் சைரன் சங்கு ஊதும். ஊதியதும் எல்லாரும் ஓடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி.

இங்கே மேலே டவர் கிடைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போலக் கடிதமே எழுது. பொடிப்பொடியாக எழுதாமல் எழுத்தைப் பெரிதாக எழுது.

ஆண்டவர் உங்கள் வாசலைக் காப்பாராக.

அன்புடன்,
ஜெபமலர்

•

நாக்பூர்
4 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்டியின் அன்பும் ஜெபமும். இவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டிலேயே வாங்கி வைத்துவிட்டோம். அதை விட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குக்கூட என்னால் போக முடிவதில்லை. ஊருக்கு வருவதெல்லாம் இனிமேல் கனவுதான். உன் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா?

நீ சொன்னபடி எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஏன் பெரிதாக எழுதச் சொல்கிறாய் என்று கேட்டால் கோபப்படுவாய். பரவாயில்லை, கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வந்திருந்தபோது நீ காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாய். கேட்டதற்குக் கோப்பை சரியில்லை என்றாய். கேக்கின் மேல் எறும்பு ஊர்ந்தது உனக்குத் தெரியவில்லை. நெல்லை டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஆபரேஷன் செய்துகொண்டாயா?

இல்லை என்றால் அந்த நாற்காலியில் நீ உட்காரக் கூடாது, அக்கா. இடுக்குக்குள் நடப்பவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ. அவர்களுக்கு மேலே கண் என்று இருப்பது நீ ஒருத்திதான்.

இதைப் பெலிக்ஸிடம் நான் சொல்லவில்லை. நான் சொல்வதை விட நீயே சொல்வது உனக்குக் கௌரவம். சொல்லிவிடு.

உன் தங்கை,
கிறிஸ்டி

•

மேல் பங்களா, குற்றாலம்
15 ஜூன் 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

ஆக்சிஜன் வீட்டில் இருப்பது நல்லது. அடுப்பங்கரையிலிருந்து அதைத் தள்ளி வை. தைலம் தேய்க்கிறேன், நாற்றம்தான் பொறுக்க முடியவில்லை. உன் கடிதத்தில் பதில் சொல்ல வேண்டியவற்றுக்கு இத்துடன் பதில் சொல்லியாயிற்று.

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லையாம். பஜ்ஜி எண்ணெய் வாசனை என் வீடு வரை வருகிறது. பெலிக்ஸிடம் ஓடை நடைக்குத்தான் கூட்டம். காலையிலிருந்து வெயில் சாயும் வரை அணி அணியாகப் போகிறார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஓடை இந்த வருடம் எந்நேரமும் தேநீர் நிறத்திலேயே வருகிறது. முன்பெல்லாம் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். மேலே எஸ்டேட்டில் மண் வெட்டுகிறார்கள் போலிருக்கிறது. சந்தேகம் வந்தபோதெல்லாம் சங்கை ஊத வைத்தேன். தண்ணீர் ஒரு தடவையும் வரவில்லை. வராமல் போனதற்கு நாம் வருத்தப்பட முடியுமா? ஆனால் மதுரைக்காரர் ஒருவர் ஈரக்காலோடு என் படி வரை ஏறி வந்துவிட்டார்.

"ஏன் பாட்டிம்மா, போரடிச்சா சங்கு ஊதுவீங்களோ?"

"படியில் நிற்காதீர்கள். தரையில் நின்று பேசுங்கள்" என்றேன். இறங்கிப் போய்விட்டார்.

இருந்தாலும் நம் பக்கம் நியாயம் வேண்டும் அல்லவா? அதனால் ஒரு சாட்சி வைத்துக்கொண்டேன். வீட்டு வேலைக்கு வரும் இசக்கிச்செல்விக்குக் கழுகுக் கண். "தண்ணி கலங்கி வருதுல்லா?" என்று கேட்டால், "ஆமாம்மா, கலங்கித்தான் வருது" என்கிறாள். மறுநாள் "இன்னைக்குத் தெளிஞ்சிருக்கு, இல்லையா?" என்றேன். "ஆமாம்மா, நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றாள். நான் பார்ப்பதும் அவள் பார்ப்பதும் ஒரு தடவைகூட மாறியதில்லை. இனி உனக்குக் கவலை வேண்டாம்.

உங்கள் இருவரையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

ஜெபமலர்

•

நாக்பூர்
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். இவர் இரவில் சற்றுத் தூங்குகிறார். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு ஜெபமில்லை.

போன வாரம் பெலிக்ஸ் என் போனுக்கு ஓடையின் படங்களை அனுப்பினான். நீ தேநீர் நிறம் என்று எழுதியிருந்த அதே நாட்களில் எடுத்தவை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அக்கா. அடியில் கூழாங்கல்லை எண்ணலாம்.

எஸ்டேட்டில் யாரும் மண் வெட்டவில்லை. அந்த நிறம் தண்ணீரில் இல்லை.

இசக்கிச்செல்வியைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் உன் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் உன்னிடம் ஒரு தடவையாவது 'இல்லை' என்று சொல்லியிருக்கிறாளா? நான் சொல்லியிருக்கிறேனா? அத்தான் இருந்தவரை அவராவது சொன்னாரா? நீ "இல்லையா" என்று முடித்தால் எதிரில் நிற்பவர்கள் "ஆமாம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாங்கள் எல்லாரும் அப்படியே பழகிவிட்டோம்.

நேற்று பொறுக்க முடியாமல் பெலிக்ஸிடம் போனில் பேசினேன். "பெரியம்மாவுக்கா கண்ணு தெரியாது? நான் சட்டைப் பித்தானை மாத்திப் போட்டா அங்கன இருந்தே ஏசுதாங்க" என்று சிரித்தான். பித்தானை நீ பார்த்துச் சொன்னாயா, அவன் எப்போதும் அப்படித்தான் போடுவான் என்று நினைத்துச் சொன்னாயா?

கோபித்துக்கொண்டாலும் சரி, பதில் எழுது.

கிறிஸ்டி

•

மேல் பங்களா, குற்றாலம்
13 ஜூலை 2025

கிறிஸ்டிக்கு,

உன் கடிதம் உரிய நாளிலேயே வந்து சேர்ந்தது. வேலை அதிகம் இருந்ததால் உடனே எழுத இயலவில்லை. உன் கணவரின் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறேன். நான் நலம்.

நீ உன் மகனிடம் என்ன பேசினாய் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எப்படியானாலும் அவன் முன்னைவிட மரியாதையாக நடந்துகொள்கிறான். சில நாட்களாக நான் சங்கை ஊத வைத்தால் முணுமுணுப்பதில்லை. வாடிக்கையாளர் யாரும் படியேறி வருவதும் இல்லை. சத்தம் முன்போல இங்கே கேட்கவில்லையே என்று கேட்டேன்.

"பக்கத்துத் தோட்டக்காரங்க சண்டைக்கு வந்தாங்க பெரியம்மா. சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன். கீழ எங்களுக்கு நல்லாக் கேக்கு" என்றான்.

அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

வேறு விசேஷம் இல்லை.

ஜெபமலர்

•

நாக்பூர்
19 ஜூலை 2025

என் பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டதும்தான் எனக்குச் சோறு இறங்கியது. இத்தனை நாள் என்னைப் பட்டினி போட்டுவிட்டாய். நான் எழுதியதெல்லாம் அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே நல்ல மழை. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறார். உன்னைப் பற்றி விசாரித்தார்.

ஒரு சந்தோஷச் செய்தி. கிருபா தன் ஆபீஸ் தோழிகளோடு சென்னையிலிருந்து 25ஆம் தேதி அங்கே வருகிறாள். அண்ணன் முகாமைப் பார்க்க வேண்டும், ஓடை நடை போக வேண்டும் என்று குதிக்கிறாள். உன் கையால் முந்திரிக்கொத்து வேண்டுமாம். செய்து கொடு.

நீ உன் வராந்தாவிலேயே நிம்மதியாக உட்கார்ந்திரு. ரொம்பவும் கண்ணை வருத்திக்கொள்ளாதே. எல்லாம் பெலிக்ஸ் பார்த்துக்கொள்வான். உன் மனது சந்தோஷமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

உன் சின்னத் தங்கை,
கிறிஸ்டி

•

மேல் பங்களா, குற்றாலம்
25 ஜூலை 2025, வெள்ளி மாலை

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

உன் பெண் வந்து சேர்ந்தாள். அவளும் தோழிகளும் இப்போதுதான் என்னிடம் காப்பி குடித்துவிட்டு முகாமுக்கு இறங்கிப் போகிறார்கள். சிரிப்புச் சத்தம் இன்னும் பாதையில் கேட்கிறது. கிருபா மெலிந்திருக்கிறாள். முந்திரிக்கொத்தை எல்லாரும் சண்டை போட்டுத் தின்றார்கள்.

தோழிகளில் ஒருத்தி முஹ்ஸினா, கடையநல்லூர்க்காரி. "பாருங்க பெரியம்மா, கூப்பிடு தூரத்துல இருக்க எனக்குக் குத்தாலத்தைச் சுத்திக் காட்டச் சென்னையில இருந்து ஆள் வர வேண்டியிருக்கு" என்றுதான் ஆரம்பித்தாள். வாய் ஓயாத பெண். நான் கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும், "கப்பு அங்கன இல்ல பெரியம்மா, இங்கன இருக்கு" என்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

கிருபாவுக்கு முகம் வெளுத்திருக்கும். இவள் நிறுத்தவில்லை.

"எங்க உம்மாவும் இப்படித்தான். ஒரு வருசம் தடவித் தடவியே குடும்பம் நடத்துனாங்க. எல்லாம் தெரியுதுன்னு வாப்பாட்ட சண்டை வேற. ஆபரேசன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சதும் வாப்பாவைப் பாத்து, 'இம்புட்டு நரைச்சுட்டியளா'ன்னு கேட்டாங்க பாருங்க, வாப்பா ரெண்டு நாள் பேசல."

நான் சிரித்துவிட்டேன், கிறிஸ்டி. அப்போது இசக்கிச்செல்வி தட்டு எடுக்க வந்தாள். ஓடையைக் காட்டி, "தெளிஞ்சுதானே இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஆமாம்மா" என்றாள். அவள் உள்ளே போனதும் முஹ்ஸினா சொல்கிறாள்: "நீங்க கேள்வியோடயே ஆமாவையும் சேத்துக் குடுக்கிய. அவ பாவம், வாங்கித் திருப்பிக் குடுக்கா."

இதையேதான் நீயும் எழுதியிருந்தாய். உன் எழுத்தில் படித்தபோது மூன்று வாரம் உன்னோடு பேசப் பிடிக்கவில்லை. அவள் வாயால் கேட்டபோது கோபம் வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தன் உம்மாவுக்குப் பார்த்த டாக்டரின் பெயரைக் கிருபாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். சீசன் கூட்டம் குறைந்ததும் ஆகஸ்டில் போகலாம் என்றிருக்கிறேன். இதைப் பற்றி நீ மகிழ்ந்து எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஜூன் முழுக்கக் கண், கண் என்று எழுதியவள், போன கடிதத்தில் கண்ணை வருத்தாதே என்பதோடு நிறுத்திவிட்டாய். உன் பெண்ணே நாளைக் காலை அந்த இடுக்குக்குள் நடக்கப் போகிறாள். நீ பயப்படவில்லை. எதனால் உன் பயம் போயிற்று?

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

ஜெபமலர்

•

முகாம், ஞாயிறு
27 ஜூலை 2025

பெரியம்மாவுக்கு,

நம் முகாம் பையன் நாகராஜனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் மேலே வர முடியாத நிலைமை. நேற்று ராத்திரி சாப்பிட்டீர்களா?

கிருபாவுக்கு வலது கை எலும்பு முறிவு. தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறது, பயமில்லை. மற்ற பிள்ளைகளுக்குச் சிராய்ப்புதான். முஹ்ஸினாவை இன்று காலை கசத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து கடையநல்லூருக்குக் கொண்டுபோகிறார்கள்.

சைரன் ஊதியது, பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் உங்களைப் பார்க்க வருவார். அம்மா விவரமாக எழுதுகிறார்களாம். அது வரும்வரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் பெரியம்மா.

வராந்தா சுவிட்சை யாரும் தொட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பெலிக்ஸ்

•

நாக்பூர்
28 ஜூலை 2025

அக்காவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும். இரண்டு நாளாக இந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வாய் வரவில்லை.

கிருபாவோடு பேசினேன். பாறையில் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அந்தப் பெண் இவளுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். சைரன் கேட்டதா என்று கேட்டால் கிருபா அழுகிறாள். அதிர்ச்சியில் இருக்கிறாள், அவளை யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

இன்ஸ்பெக்டர் வந்தால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சுவிட்சை அழுத்தினேன் என்று சொல். நீ அழுத்தினாய், அது உண்மை. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உன்னிடம் அது நடக்காது என்றும் எனக்குத் தெரியும். தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்தேன், அழுத்தினேன், விளக்கு எரிந்தது. அவ்வளவோடு நிறுத்திக்கொள். அவர் கேட்காததை நீயாகச் சொல்ல வேண்டாம். கண்ணைப் பற்றி வேண்டவே வேண்டாம்.

உன்மேல் ஒரு குற்றமும் வராது. உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். பெலிக்ஸுக்கு வந்தால் அது ஜெயில், அக்கா. அவனை நீதான் தூக்கி வளர்த்தாய். அந்தப் பெண் போய்விட்டாள். யார் என்ன சொன்னாலும் இனி அவளுக்கு ஒன்றுமில்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

கிறிஸ்டி

•

மேல் பங்களா, குற்றாலம்
3 ஆகஸ்ட் 2025

கிறிஸ்டிக்கு,

உன் கணவர் நலமாக இருக்க வேண்டும். கிருபாவின் கை கூடிவரும் என்று டாக்டர் சொல்கிறார். நேற்று அவளைப் போய்ப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள் தோழி ஒருத்திதான் எழுதுகிறாள். என் கையெழுத்து கோட்டில் நிற்பதில்லை.

அந்தக் காலையில் நடந்ததை உனக்கும் நான் சொல்ல வேண்டும். இங்கே நல்ல வெயில். பிள்ளைகள் இடுக்குக்குள் நுழைந்துவிட்டதாக இசக்கிச்செல்வி வந்து சொன்னாள். "தண்ணி தெளிஞ்சுதானே இருக்கு?" என்றேன். "ஆமாம்மா." உடனே முந்தின நாள் அந்தப் பெண் சொன்னது உறைத்தது. முதல் தடவையாக மாற்றிக் கேட்டேன். "தண்ணி என்ன நிறம்?"

மறுபடி கேட்டேன்.

"செவந்து வருதும்மா. சருகும் வருது."

அழுத்தினேன். விளக்கு எரிந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். கீழே யாரும் சத்தம் போடவில்லை, பாதையில் யாரும் ஏறி வரவில்லை. இசக்கிச்செல்விதான் முதலில் சொன்னாள். "சங்கு ஊதலம்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல." அவளை ஓடச் சொன்னேன். முழங்கால் வலி தெரியாமல் நானும் வாசல் வரை போனேன். அதற்குள் வராந்தாவுக்குக் கீழே வெள்ளம் இரைந்துகொண்டு போயிற்று. அந்த இரைச்சல் எனக்கு நன்றாகக் கேட்டது.

பெலிக்ஸின் சீட்டில் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று இருந்ததாக நாகராஜன் படித்துக் காட்டினான். அவன் படி இறங்கியதும் இசக்கிச்செல்வியை விட்டுச் சுவிட்ச் மூடியைக் கழற்ற வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். விளக்குக்குப் போகும் ஒயர் இருக்கிறது. சங்குக்குப் போகும் ஒயரை வெட்டி, முனைகளில் டேப் சுற்றியிருக்கிறது. அவசரத்தில் செய்த வேலை இல்லை, பொறுமையாகச் சுற்றியிருக்கிறது.

நாகராஜனைக் கூப்பிட்டு உட்கார்த்திக் கேட்டேன். ஜூன் கடைசியிலேயே வெட்டிவிட்டானாம். என் தொல்லை தாங்காமல் வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்கள் என்று, எனக்கு விளக்கை மட்டும் விட்டுவைத்து, ஓடைத் திருப்பத்தில் நாகராஜனைக் காவல் நிறுத்தினானாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம். கயிறு பிடிக்க ஆள் போதவில்லை என்று பெலிக்ஸ் கூப்பிட, நாகராஜன் திருப்பத்தை விட்டுப் போயிருக்கிறான். "ஒங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றான் நாகராஜன்.

நீ 'எல்லாம் பெலிக்ஸ் பார்த்துக்கொள்வான்' என்று எழுதியது அதற்குப் பிறகுதான். நான் ஏன் என்று கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர். சுவிட்சை அழுத்தினேன் என்றேன். எழுதிக்கொண்டார். நீ சொன்ன இடம் அதுதான், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"மூடாதீர்கள்" என்றேன். "சங்கு ஊதவில்லை. ஒயர் வெட்டிக் கிடக்கிறது. பாருங்கள்."

பார்த்தார். "யாரும்மா வெட்டுனது? எதுக்கு?"

"என் தங்கை மகன். எனக்குக் கண் தெரியாது. தெளிந்த தண்ணீரைக் கலங்கல் என்று நினைத்து வாரக்கணக்கில் காரணமில்லாமல் அழுத்தினேன். என்னிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அதனால் வெட்டினான்."

அவர் நம்பவில்லை. கையில் இருந்த எதையோ என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்னன்னு சொல்லுங்கம்மா" என்றார். தெரியவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பெலிக்ஸை மறுநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும் முன் கீழே இருந்து "பெரியம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் இருக்கிறேன் என்று பதில் குரல் கொடுத்தேன். அவனுக்கு வக்கீல் வைக்கிறேன். அவன் செய்ததை மறைக்க மாட்டேன்.

அன்று மாலையே காரை வரச்சொல்லி, இசக்கிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூர் போனேன். வீடு நிறைய ஆட்கள். நாங்கள் நுழைந்ததும் வழி விட்டார்கள். அந்தப் பெண்ணின் தாயார் பெயர் ஹைருன் பீவி. என்னை விட வயதில் சிறியவர். நான் யார் என்பதைச் சொன்னேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

அவர் ஒன்றுதான் கேட்டார்.

"சங்கு ஊதியும் கேக்காம போட்டா எடுத்துட்டு நின்னான்னு ஊரெல்லாம் பேசுதாங்கம்மா. அவ வாய்தான் நீளம். சொன்ன சொல்லைக் கேக்காத புள்ள இல்ல. நீங்க மேல இருந்தீகளாமே. சங்கு ஊதுச்சா?"

"ஊதவில்லை" என்றேன்.

அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கேட்டியளா? ஊதலையாம்."

ஜெபமலர்